தவிட்டுக்கு வாங்கிய பெண்

டிவியில் வெள்ளி நிற உடுப்புப் போட்ட நடிகை சாதத்தை உருட்டி, கட்டைவிரலால் நடுவில் ஒரு குழி அழுத்தி, குழியில் கொஞ்சம் ரசத்தை விட்டு, "குளம் வருது, வாயத் திற" என்று சொன்னபோது, பிரபாவதியின் கையிலிருந்த தட்டில் காபி டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

டிவியில் ஓடிய கதை நடப்பது இரண்டாயிரத்துத் தொண்ணூறாம் ஆண்டில், சந்திரனில். சந்திரனில் ரசம் ஏது என்று கூடத்தில் இருந்த ஒருவரும் கேட்கவில்லை. அத்தனை பேரும் விஞ்ஞானத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள், இருந்தும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிரபாவதிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இங்கே ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டாம் வருஷத்து ஞாயிற்றுக்கிழமைக் காலை அது. கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் அந்த பிளாக்கே அவர்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தது. காரணம், அன்றைய விஞ்ஞானத் தொடரின் கதை அவள் கணவர் சுப்புராமனுடையது. பகலில் ஆராய்ச்சி மையத்தில் இன்ஜினீயர், சாயங்காலமானால் பத்திரிகைகளுக்கு விஞ்ஞானக் கதை எழுதுகிறவர். டிவியில் அவர் கதை வருவது இதுதான் முதல் தடவை. எதிரில் வந்தவர்களிடமெல்லாம் தமுக்கடித்துவிட்டு, பெண்டாட்டியிடம் மட்டும் "சஸ்பென்ஸ், ஞாயித்துக்கிழமை பாரு" என்று முடித்துக்கொண்டார்.

சாதத்தில் குளம் வெட்டி ஊட்டுவது பிரபாவதியின் சொந்தக் கண்டுபிடிப்பு. அதை அவள் ஒரே ஒரு குழந்தைக்குத்தான் செய்திருக்கிறாள். இதோ பாயில் உட்கார்ந்து டிவி பார்க்கிற ஆறு வயது மானசாவுக்குக்கூடச் செய்ததில்லை. அதைக் கண்ணால் பார்த்தவர் உலகத்திலேயே சுப்புராமன் ஒருவர்தான்.

அந்தக் குழந்தை செங்கமலம். வீட்டில் கமலி. செங்கல்பட்டில் வாடகைக்கு இருந்தபோது மூன்று வயதில் ஜுரம் கண்டு போய்விட்டாள். சின்னக் குழந்தையை எரிக்க மாட்டார்கள். பாலாற்றங்கரையில் குழி தோண்டி, உப்புப் போட்டு, மணலைத் தள்ளி மூடிவிட்டு வந்தார்கள். பொம்பளைகள் வரக்கூடாது என்று பெற்றவளைக் கூட்டிப்போகவில்லை. எந்த இடம் என்றுகூட அவளுக்குத் தெரியாது. அப்புறம் இங்கே மாறி வந்தார்கள். "இங்க யாருக்கும் தெரிய வேணாம் பிரபா. கேக்கறவங்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி நீ தேறவே மாட்ட" என்று சொன்னது அவர்தான். அவளும் வாயை மூடிக்கொண்டாள். எத்தனை குழந்தைகள் என்று யாராவது கேட்டால், "ஒண்ணுதாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லப் பழகினாள். அவள் அப்படிப் பாடுபட்டு மூடியதைத்தான் அவர் இப்போது ஊரைக் கூட்டிவைத்துத் திறந்து காட்டுகிறார்.

டிவித் தாயின் மகளும் செத்துப்போனாள். சந்திரனில் துக்கத்துக்கு வைத்தியம் உண்டு. தாயின் தலையில் ஒரு கருவியை மாட்டி, பிள்ளையின் நினைப்பையெல்லாம் உருவி எடுத்து, காரீயப் பெட்டியில் அடைத்துப் பாதாளத்தில் புதைத்துவிடுகிறார்கள். பெட்டிக்குப் பூட்டு அந்தத் தாயின் குரல். அவள் தன் வாயால் 'என் பொண்ணு' என்று சொன்னால் மட்டும் திறந்துகொள்ளும், சொல்லாதவரை ஆபத்தில்லை. கடைசியில் ஓர் அதிகாரி, "உங்களுக்கு எத்தனை குழந்தைகள்?" என்று கேட்கிறார். நடிகை பளிச்சென்று சிரித்து, "எனக்குக் குழந்தையே இல்லையே" என்கிறாள். அதோடு கதை முடிந்தது.

முடிந்த பிறகும் பெட்டி திரையிலேயே நின்றது. அதன் மேல் பெயர்கள் ஓடின. பெயர்களுக்கு அடியில், பெட்டிக்கு உள்ளேயிருந்து, தாழ்வாக, யாரோ உள்ளங்கையால் தட்டும் சத்தம் கேட்டது. குளியலறைக் கதவைச் சின்னக் குழந்தைகள் தட்டுவார்களே, அப்படி.

"இன்னா சார், இப்டி அழவெச்சிட்ட! என் வூட்டுக்காரி மூக்க சிந்திகினே கீது பாரு" என்றார் சதுரங்கப்பட்டினத்துத் தாமோதரன். எதிர் வீட்டு ஜெஸ்ஸி டீச்சர் கர்ச்சீப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டே, "ஒரு அம்மாவோட மனசு உங்களுக்கு எப்படி சார் இவ்ளோ தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

"எல்லாம் கற்பனைதாங்க" என்றார் சுப்புராமன்.

எல்லோரும் எழுந்து போன பிறகும் மானசா பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. அத்தனை பெரிய பாயில் அவள் ஒருத்திதான். ஆனால் ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"நடுவுல நல்லா உக்காரேன் பாப்பா."

"இடம் வேணுமில்லம்மா" என்றாள் மானசா.

"யாருக்கு?"

மானசா பக்கத்தில் காலியாக இருந்த பாயைப் பார்த்தாள்.

மத்தியானம் அடுக்களையில் பிரபாவதி கணவரை நிற்கவைத்துக் கேட்டாள்.

"குளம் போகட்டும். அந்தப் பூட்டு. அதுவுமாங்க?"

அந்தப் பூட்டும் அவர்கள் வீட்டிலிருந்து போனதுதான். மூத்தது தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையை யமன் கண்ணில் படாமல் மறைக்க வேண்டும். அதற்காகப் பிறந்த பிள்ளையை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு, ஒரு முறம் தவிடு தந்து திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அப்புறம் அது பெற்ற பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை. யமனுக்கு அங்கே ஜோலி கிடையாது. மானசா பிறந்தபோது பிரபாவதியின் அம்மா இதைச் செய்தே தீருவேன் என்று நின்றாள். பிள்ளையைக் கையில் வாங்கியவள் ஜெஸ்ஸி. ஜாதகத்தில் ஏதோ தோஷம் என்று அவளிடம் புளுகியிருந்தார்கள். குழந்தை இல்லாத ஜெஸ்ஸி, மடியில் கிடந்ததைத் தவிட்டுக்குத் திருப்பித் தரும்போது சிரித்துக்கொண்டேதான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். 'ஏழு வயசு ஆகற வரைக்கும் என் பொண்ணுன்னு வாயால சொல்லிடாத' என்று அம்மா எச்சரித்துவிட்டுப் போனாள். பிரபாவதி சொன்னதே இல்லை. பேர் சொல்லிக் கூப்பிடுவாள், பாப்பா என்பாள், கழுதை என்பாள். அந்தச் சொல் மட்டும் கிடையாது. அவள் அதைக் கடைசியாகச் சொன்னது கமலியைப் பார்த்து.

"அதுவா? நல்லா பொருந்துச்சு, வெச்சேன்" என்றார் சுப்புராமன். "பேரெல்லாம் மாத்திட்டேனே, யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுதுங்களே."

"எனக்கு மட்டும் வலி இல்லையா பிரபா? நான் எங்க போய் அழறது, சொல்லு."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா வேணாம்னுவ."

வேண்டாம் என்பாள் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. இதை அவர் சர்வ சாதாரணமாகச் சொன்னார். கட்டிய நாளாக இவருக்கு ஒளித்து ஒரு மூச்சு விட்டதில்லையே என்று பிரபாவதி நினைத்தாள். இனி இந்த மனிதரிடம் எதைச் சொல்ல முடியும்?

"சரி. கடைசில பெட்டிக்குள்ளேர்ந்து தட்டற சத்தத்த ஏன் வெச்சீங்க?"

"தட்டற சத்தமா?" அவர் நெற்றியைச் சுருக்கினார். "அப்படி ஒண்ணும் இல்லியே."

டேப்பில் பதிவு செய்திருந்தார். போட்டுக் காட்டினார். பெட்டி, பெயர்கள், வீணை இசை. தட்டல் இல்லை. சத்தம் இப்போது டிவியில் இல்லை என்றதும்தான் பிரபாவதிக்குக் குளிரெடுத்தது.

அந்த வாரத்தில் பயப்படும்படி எதுவும் நடந்துவிடவில்லை. வெயில் வழக்கம்போல் அடித்தது, சவுக்குத்தோப்பு வழக்கம்போல் இரைந்தது, உப்புக்காற்றில் ஜன்னல் கம்பிகள் இன்னும் கொஞ்சம் துருப்பிடித்தன. மானசா மட்டும் செருப்பை வெளிப்படியில் விட ஆரம்பித்தாள். வீட்டு ஆட்களின் செருப்புக்கு உள்ளே ஒரு ஸ்டாண்டு உண்டு, வெளிப்படி விருந்தாளிகளுக்கு. முதல்நாள் பிரபாவதி அதை எடுத்து உள்ளே வைத்தாள். மறுநாளும் செருப்பு வெளியில்தான் கிடந்தது, ஜோடி பிசகாமல், அடுத்த வீட்டுக்குப் போன பிள்ளை விட்டதுபோல்.

பிறகு, "தண்ணி குடிக்கலாமா?" என்று கேட்டாள்.

"இதென்னடி கேள்வி? போய்க் குடி."

சோபாவில் விளிம்பில் உட்கார்ந்தாள். பாத்ரூம் போக அனுமதி கேட்டாள். தட்டில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றால், "போதும், தேங்க்ஸ்" என்றாள். டிவியைப் பார்த்துக் கெட்டுப்போகிறது என்று சுப்புராமன் சிரித்தார். பிரபாவதிக்குச் சிரிப்பு வரவில்லை. பெற்ற குழந்தை தன் வீட்டிலேயே கூச்சப்படுவதைப் பார்க்கிற வேதனையை அவள் யாரிடம் சொல்வாள்?

மானசா பள்ளிக்கூடம் போன பிறகு வீடு காலியாக இருக்க வேண்டும். இல்லை. அரிசி களைந்துகொண்டிருக்கும்போது முழங்கால் உயரத்தில் புடவைக் கொசுவத்தைப் பிடித்து ஏதோ மெல்ல இழுத்தது. திரும்பினால், வெயில் கட்டம் கட்டமாக விழுந்த தரை. துணி உலர்த்தும்போது, மடிக்கும்போது, அதே இழுப்பு. ஒரு நாள் கூடத்தைப் பெருக்கியபோது முறத்தில் மணல் சேர்ந்தது. கடற்கரை ஊரில் மணல் அதிசயமில்லை. ஆனால் கடல்மணல் மாவுபோல் நைசாக இருக்கும், உலர்ந்ததும் ஓடிவிடும். இது ஆற்றில் கிடக்கிற பருமணல், ஈரமாக இருந்தது. விரலில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். மணல் உப்புக் கரித்தால் கடல் என்று விட்டுவிட நினைத்தாள். கரித்தது. ஆனால் நடுவே வெள்ளையாகப் பல்லில் கடிபட்டது கல்லுப்பு.

வெளிச்சமான காலை நேரம். பக்கத்து வீட்டு ரேடியோவில் விளம்பரம். அடுக்களையில் அவள் மட்டும்.

"கமலி?" என்று கேட்டாள், தொண்டைக்குள்ளேயே.

கொசுவத்தைப் பிடித்திருந்த பிடி இறுகியது.

வெள்ளிக்கிழமை மாலை வெகுநேரமாகியும் மானசா வரவில்லை. தேடிக்கொண்டு வெளியே வந்தவளுக்கு எதிர் வீட்டு ஜன்னல் வழியாகத் தெரிந்தது. மானசா ஜெஸ்ஸி வீட்டுக் கட்டிலில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு தோசை தின்றுகொண்டிருந்தாள். செருப்பு ஜெஸ்ஸியின் செருப்போடு உள்ளே கிடந்தது.

"ஏன் பிரபாக்கா முழிக்கறீங்க? வாரம் பூரா இங்கதானே சாப்பிடறா" என்றாள் ஜெஸ்ஸி. "நீங்க சொன்னீங்கன்னுதான் சொன்னா."

"நான் சொல்லல ஜெஸ்ஸி."

"அவ அக்காவுக்கு உடம்பு சரியில்ல, வீட்டுல இடம் இல்லன்னா. யாருக்கா அது? ஊர்லேர்ந்து வந்திருக்காங்களா?"

பிரபாவதி மானசாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பிடித்த கை பிடித்தபடி வந்தது. முரண்டு இல்லை, பதில் பிடியும் இல்லை. வாசலில் நின்று மானசா கேட்டாள். "நான் யார் பொண்ணும்மா?"

எப்போதும் சொல்லும் பதில் நாக்கில் தயாராக இருந்தது. 'உன்ன ஜெஸ்ஸி ஆன்ட்டிகிட்ட தவிட்டுக்கு வாங்கினேன்' என்று சொன்னால் மானசா கெக்கலி கொட்டிச் சிரிப்பாள். அவர்களுக்குள் அது ஒரு விளையாட்டு. இன்று பிரபாவதி வாய் திறக்கவில்லை. திறக்காததும் ஒரு பதிலாகத்தான் போயிற்று. மானசா பெரிய மனுஷிபோல் தலையாட்டிக்கொண்டாள்.

அன்று சுப்புராமனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். மணலை, இழுப்பை, செருப்பை. அவர் கேலி செய்வார் என்று எதிர்பார்த்தாள். செய்யவில்லை.

"இழுப்பு உனக்கு மட்டும்தானா இருக்கு?" என்று கேட்டார்.

அவளுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. "உங்களுக்கும் தெரியுமா? எப்பலேர்ந்து?"

"எழுத ஆரம்பிச்ச நாள்லேர்ந்து" என்றார். "நீ அந்த வார்த்தையச் சொல்லணும் பிரபா. நான் சொன்னா அது கேக்காது. எவ்ளோ கூப்பிட்டுப் பாத்துட்டேன்."

"அப்ப மானசா?"

அவர் படுக்கையை உதறிப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

சனிக்கிழமை உச்சிவெயில். கரண்ட் போயிருந்தது. மின்விசிறி நின்றதும் வீட்டில் கடல் இரைச்சல் பெரிதாகக் கேட்டது. சுப்புராமன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். ஜெஸ்ஸி வீட்டில் விளையாடிவிட்டு வந்த மானசா வாசற்படிக்கு வெளியே நின்றாள்.

"உள்ள வா, சாப்பிடலாம்."

"வரலாமா?"

"உன் வீடுதானேடி!"

"நீங்க என் பொண்ணுன்னு கூப்பிட்டாதான் வரணுமாம்" என்றாள் மானசா. அவள் முகம் வெயிலில் வெளிறியிருந்தது. கண்ணில் அழுகை முட்டி நின்றது. குழந்தை விளையாடவில்லை, பயந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் பிரபாவதிக்கு உயிர் துடித்தது. "கூப்பிடலன்னா ஜெஸ்ஸி ஆன்ட்டி வீட்டுக்கே போயிடணுமாம். சீக்கிரம் சொல்லுங்கம்மா. எனக்கு இங்க வரத் தெரியல."

பின்னால் கொசுவம் இழுபட்டது.

சொன்னால் பெட்டி திறக்கும். சொல்லாவிட்டால் இவள் போய்விடுவாள். பெட்டி ஒரு கதை. அவர் எழுதிய கதை. ஏமாற்றுக்காரர் எழுதிய கதைக்குப் பயந்து கண்முன் நிற்கிற குழந்தையை விடுவதா? அம்மா சொன்ன கெடு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். யமன் கேட்டால் கேட்கட்டும். தெருவே கேட்கட்டும்.

திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் எழுந்து நின்றிருந்தார். சொல்லு, சொல்லு என்று அவர் முகம் கெஞ்சியது. அந்த முகத்தைப் பார்த்தாவது அவள் நிறுத்தியிருக்க வேண்டும்.

மானசா ஒரு காலைப் பின்னால் வைத்தாள்.

"என் பொண்ணு!" என்று கத்தினாள் பிரபாவதி. "நீ என் பொண்ணுடி! உள்ள வா!"

கடல் இரைச்சல் நின்றது.

சவுக்குத்தோப்பும்.

கொசுவத்தில் இழுப்பு இல்லை. விட்டுவிட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். இரண்டு கைகளையும் மானசாவை நோக்கி நீட்டினாள்.

நீட்டிய கை நிறைந்தது. பின்னாலிருந்து.

சின்னக் கை. சில்லென்று. நறநறவென்று.

"வந்துட்டேம்மா."

மானசா அசையவில்லை. முட்டி நின்ற கண்ணீர் அவள் கண்ணில் இல்லை. பயம் இல்லை. வழி கேட்க வந்த பிள்ளைபோல் மரியாதையாகப் பார்த்தாள்.

"சரிங்க ஆன்ட்டி" என்றாள்.

"மானசா!" எதிர் வீட்டுக் கதவு திறந்தது. ஜெஸ்ஸி தோளில் துண்டோடு நின்றாள். "விளையாடினது போதும், சாப்பிட வாடி."

"வரேம்மா!"

ஓடினாள். ஜெஸ்ஸியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஜெஸ்ஸி குனிந்து அவள் உச்சியை மோந்தாள். தினமும் செய்கிறவள்போல். பிறகு நிமிர்ந்து பிரபாவதியைப் பார்த்தாள். பிரபாவதியின் முழங்காலுக்குப் பக்கத்தில் பார்த்தாள். சிரித்தாள்.

"உங்க பொண்ணுக்கு ஜுரம் விட்டுடுச்சாக்கா?"

இல்லை. ஜெஸ்ஸி, இல்லை. அது என் குழந்தை. உன்னோடு நிற்கிறதே, அதுதான். பிரபாவதி கத்த வாயைத் திறந்தாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். பெயர். இப்போதுதான் ஜெஸ்ஸி சொன்னாள். ம-வில் ஆரம்பிக்கும். தான் பார்த்துப் பார்த்து வைத்த பெயர். தானா வைத்தோம்? ஜெஸ்ஸி வீட்டில் வைத்த பெயரை நாம் ஏன் நினைவு வைத்துக்கொள்ள வேண்டும்?

நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று உருவப்பட்டுப் போய்க்கொண்டிருந்தது. வலித்தது. பிறகு வலிக்கவில்லை.

உள்ளே சுப்புராமன் தேம்பித் தேம்பி அழும் சத்தம் கேட்டது. சந்தோஷத்தில் அழுகிறவர்போல் இருந்தது. "கமலி, கமலி" என்றார். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "யாரு பிரபா வாசல்ல?" என்று கேட்டார்.

"எதிர் வீட்டுப் பொண்ணுங்க" என்றாள் பிரபாவதி.

கன்னம் ஏன் ஈரமாக இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. எதிர் வீட்டுக் குழந்தை ஜெஸ்ஸியின் கைக்கு அடியிலிருந்து எட்டிப்பார்த்து டாட்டா காட்டியது. நல்ல குழந்தை. யார் பெற்றதோ, பார்த்தால் தூக்கிக் கொஞ்சலாம் போலிருந்தது. இவளும் டாட்டா காட்டக் கையைத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. உள்ளங்கையில் இருந்த பிடி விடவில்லை.

முழங்கால் உயரத்தில் இன்னொரு கை நீண்டது. விரல்கள் நீலம் பூத்திருந்தன. நகக்கண் முழுக்க ஈரம். அது கதவின் விளிம்பில் பரவி, அவசரமில்லாமல் தள்ளியது. வெயில் ஒரு பட்டையாக ஒடுங்கியது, பிறகு ஒரு கீற்றாக. அந்தக் கீற்றில் எதிர் வீட்டுக் குழந்தை இன்னும் டாட்டா காட்டிக்கொண்டிருந்தது. தாழ்ப்பாள் விழுந்தது.